ஊதாப் பென்சில்

அகரவரிசைதான் சட்டம்.
பிராக்கன்ரிட்ஜ் முதலில், டெலஹண்டி நடுவில்,
ட்ரெகியர் கடைசியில்.
பதினாலாயிரம் செம்மறி உள்ளவருக்கு
அப்பன் விட்டுப்போன எழுத்திலும் ஆதாயம்.

டிசம்பர் சனிக்கிழமை. விர்ரபீன் ஊர்மன்றத்தில்
தகரக்கூரை உலைமூடிபோலத் துடித்தது.
போன வாரப் புழுதிப்புயலின் செம்மண்
பியானோக் கட்டைகளுக்கிடையே இன்னும்.
பள்ளிக்கூட வாத்தியார் நான்
அன்றைக்கு மட்டும் அதிகாரி.
ஒரு பெட்டி, மூன்று தடுப்பு,
சணலில் கட்டிய மூன்று பென்சில்
(எச்சில் பட்டால் ஊதாவாகும் ரகம்).

பிராக்கன்ரிட்ஜ் இதே மேடையில்
நாணயம் என்று பதினேழு முறை சொன்னார்.
எந்த நாணயம் என்று யாரும் கேட்கவில்லை.
கம்பளி வெட்டும் டெலஹண்டி
லாரிமேல் ஏறிக் கோதுமை விலையைச் சொன்னார்,
கூட்டம் கொதித்தது.
ஆட்சியில் இருந்தது தம் கட்சிதான் என்பதை
அவரும் மறந்திருந்தார், பாவம்.

வில்ஹெல்மினா ட்ரெகியர் கூட்டமே போடவில்லை.
கறவை மாட்டையும் குதிரைவண்டியையும் விற்று
இருபத்தைந்து பவுண்டு டெபாசிட் கட்டினார்.
வண்டி போனதால் நடந்தே வாக்குக் கேட்டார்.
வாசலில் நின்று கேட்டதும் வாக்கை அல்ல:
"பிள்ளைக்குப் பால் இருக்கா?"
இருபது வருஷமாக இந்தப் பக்கத்துப் பிள்ளைகளை
உலகத்தில் முதலில் தொட்ட கை அது.
தொட்டவர்களில் எவருக்கும் இன்னும்
வாக்களிக்கும் வயதாகவில்லை.

வேலியோரம் நாள் முழுக்க
பிராக்கன்ரிட்ஜின் குதிரைகளைப் பிடித்தபடி
ஆல்பி நர்ரன் நின்றான்.
இந்த மண்ணில் எங்கள் எல்லோருக்கும் மூத்தவன்,
பட்டியலில் பெயர் இல்லை.
அவன் மகளையும் அவர்தான் எடுத்தார்.
உள்ளே போகும்போது தொப்பியைத் தொட்டான்,
அவருக்கு மட்டும்.

எட்டு மணிக்குப் பெட்டியைத் திறந்தோம்.
பிராக்கன்ரிட்ஜ் கட்டு தடித்தது, டெலஹண்டி கட்டு மெலிந்தது.
அவருடைய கட்டு
இரண்டு விரலுக்குள் அடங்கியது.
அதில் ஒரு சீட்டு.
ஒன்று, இரண்டு, மூன்று, எண்கள் சரி.
ஓரத்தில் மட்டும், பொடி எழுத்தில்:
ஹாரியட்டுக்காக.

இன்னார் போட்டது என்று காட்டிக்கொடுக்கும் எழுத்து
சீட்டில் இருந்தால் செல்லாது.
காட்டிக்கொடுக்கிறதா என்று முடிவு செய்வது
அதிகாரி.

"யாரந்த ஹாரியட்?" டெலஹண்டியின் ஆள் சிரித்தான்.
"ஊரிலேயே அப்படி ஒருத்தி இல்லையே.
யாருக்குத் தெரியப்போகிறது? சேர்த்துக்கொள்ளும்."
பிராக்கன்ரிட்ஜின் ஆளும் தோளைக் குலுக்கினான்:
ஒரு வாக்கில் என்ன?

ஊரில் அப்படி ஒருத்தி இருந்தாள்,
இரண்டரை மணி நேரம்.
மே மாதம், ஏழு வருஷத்துக்கு முன்னால்.
ட்ரெகியர் அவளைத் துவாலையில் சுற்றி
அடுப்பருகே வைத்து ஊதி ஊதிப் பார்த்தார்.
பெயர் வைத்ததை நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை.
ஆங்கில 'ஆர்' எழுத்தின் கால் கொஞ்சம் இழுபடும்,
எங்கள் வீட்டுச் சர்க்கரை டப்பாவில் இழுபடுவதுபோல.

செல்லாது என்றேன்.
ஏன் என்று கேட்டார்கள்.
சட்டம் என்றேன்.
ஊசியில் குத்தி அந்தக் கட்டில் சேர்த்தேன்,
கெட்ட வார்த்தை எழுதிய நான்கோடும்
வெறுஞ்சீட்டு இரண்டோடும்.

அறுபத்தொன்று என்று பதிவேட்டில் எழுதினேன்.
டெபாசிட் போய்விடும், இந்த ஊரே இப்படியென்றால்.

வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.
ஆட்டிறைச்சி ஆறி, கொழுப்பு வெள்ளையாக உறைந்திருந்தது.
"அவங்களுக்கு எத்தனை?"
"அறுபத்திரண்டு."
"குறைச்சல்தான்," என்றாள்.
ரொட்டியை என் பக்கம் தள்ளினாள்.

அவள் கீழுதட்டில், இடது ஓரம்,
கழுவியும் போகாத ஊதா.