கச்சான் என்பவர்

திங்கள்தோறும் பத்து மணிக்குக்
கையெழுத்துப் போட வருகிறேன்.
தங்கச்சிமடத்திலிருந்து பாம்பனுக்கு நடை.
பஸ்ஸுக்குக் காசில்லாமல் இல்லை,
பக்கத்துச் சீட்டு காலியாகவே வருகிறது,
அதைப் பார்க்க வேண்டாமென்றுதான்.

உங்களை எல்லோரும் ரைட்டர் என்கிறார்கள்.
என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை.
திருவிழா மலரில் ஒருமுறை
'திருமதி அமலோற்பவம், ஆசிரியை' என்று போட்டு
நாலு வரியை வெட்டியிருந்தார்கள்,
ஐஸ் கம்பெனி விளம்பரத்துக்கு இடம் வேண்டி.

நோட்டு ஒன்று, நாற்பது பக்கம், பச்சை அட்டை,
மூலையில் எண்ணெய்க் கறை.
ரசீதில் கறையையும் விடாமல் எழுதியிருக்கிறீர்கள்.
அதற்கே உங்களை மதிக்கிறேன்.

சேலத்துக்காரர். கடலை விசாரிக்கத் தெரியவில்லை.
'கச்சான் வருவான், கட்டின பாய் கிழிப்பான்'
அடியில் சிவப்புக் கோடு.
கச்சான் என்பவர் யார்?
தகப்பன் பெயர்? எந்தக் கட்சி?
உங்கள் கணவரோடு கூட்டத்தில் பேசியவரா?

மேல்காற்று என்று சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை.
சூசையை விடியுமுன் கூட்டிப்போனபோது
எதற்கென்று கேட்டேன்,
எனக்கும் யாரும் சொல்லவில்லை.

மதுரைச் சிறையிலிருந்து கடிதம் வந்தது.
கறுப்பு மை பூசியது போக மிச்சம்:
அன்புள்ள. பல்வலி. கொண்டல். பரவாயில்லை.
நான் படித்ததிலேயே நல்ல கவிதை அதுதான்.

ராத்திரியெல்லாம் கார்பன் வைத்து நகலெடுக்கிறீர்களாம்.
ராமநாதபுரத்துக்கு ஒன்று, மெட்ராஸுக்கு ஒன்று,
இந்தப் பீரோவுக்கு ஒன்று.
அச்சேறாதவளுக்கு மூன்று பிரதி!
மேசையில் தலைகீழாகப் பார்த்தேன்,
பதினேழாம் பக்கத்தில் என் ஒற்றுப்பிழையைத்
திருத்தியிருக்கிறீர்கள். சரிதான் அது.
நன்றி சொல்ல நாக்கு வரவில்லை.

பள்ளிக்கூடத்தில் என் நாற்காலியில் வேறொருத்தி.
கரையில் என்னைக் கண்டதும் கூடையை மூடுகிறவள்
இருட்டினபின் கொல்லைப்பக்கம்
நாலு நகரை மீன் வைத்துவிட்டுப் போகிறாள்.
பெயர் எழுத மாட்டேன்,
உங்களுக்கு எதற்கு இன்னுமொரு ஆள்.

இன்று தலை நிமிராமல் கேட்டீர்கள்:
"முப்பத்தெட்டாம் பக்கம் பாதியில நிக்குது. அப்புறம்?"
பேனா மூடியிருந்தது.
விரல் நுனியில் கார்பன் நீலம்.
விசாரணையா, வாசிப்பா, தெரியவில்லை.
மிச்சம் எட்டு வரியும் வாய்க்குள் இருந்தது,
முள்ளோடு.
"இன்னும் எழுதலை" என்றேன்.

வாசலைத் தாண்டியபிறகு கூப்பிட்டீர்கள்.
"டீச்சர், அந்தக் கச்சானைப் பிடிக்கச் சொல்லி
மேலேருந்து மறுபடி தாக்கீது."

மாசிதானே நடக்கிறது.
ஆனியில் அவனே வருவான், எழுதிக்கொள்ளுங்கள்.
அதுவரை
அந்தக் காகிதங்கள்மேல்
கல் ஏதாவது தூக்கி வையுங்கள்.