இருபதாவது நாள்

பதினைந்து நிமிடத்துக்கு மேல்
ஒருவரையும் நீரில் விட்டதில்லை நான்.
ரேடான் இருக்கிறது, இதயத்துக்கு ஆகாது என்று
சுவரில் எழுதிப் போட்டிருக்கிறது, இரண்டு மொழிகளில்.
யாரும் படிப்பதில்லை.
அதனால்தான் நான்,
ஒரு நாற்காலி, ஒரு மணல் கடிகாரம்.
மணல் தீர்ந்ததும்
இரும்புக் கைப்பிடியில் சாவியால் தட்டுவேன்.

ட்ஸ்கல்டூபோவின் நீரை
யாரும் காய்ச்சுவதில்லை, ஆற்றுவதுமில்லை.
ஏறக்குறைய உடம்பின் சூட்டிலேயே
தரைக்கடியிலிருந்து வந்து
கல்தொட்டியை நிறைத்து
நிற்காமல் போய்க்கொண்டிருக்கும்.
முதல்முறை இறங்குகிறவர்கள் ஏமாந்துபோவார்கள்:
'இவ்வளவுதானா? சுடவே இல்லையே.'
நாலாவது நிமிடத்தில் பேச்சு நின்றுவிடும்.
கை எங்கே முடிகிறது
நீர் எங்கே தொடங்குகிறது என்று
விரலை அசைத்து அசைத்துப் பார்ப்பார்கள்.
முப்பத்தொரு வருடமாக
அந்த ஒரே முகத்தைப் பார்த்துவருகிறேன்
வேறு வேறு ஆட்களிடம்.

இப்போதெல்லாம் முட்டிவலிக்காரர்களைவிட
கேமராக்காரர்கள் அதிகம்.
மேட்டில் இடிந்து கிடக்கும் சானடோரியங்களை எடுக்கிறார்கள்:
தூண்கள், கூரையைப் பிளந்து வளர்ந்த அத்திமரம்,
நடனக் கூடத்தில் மாட்டுச் சாணி.
கொடியில் காயும் துணி குறுக்கே வந்தால்
சற்றுத் தள்ளி நின்று எடுப்பார்கள்.

அந்தத் துணி சியாலாவுடையது.
தொண்ணூற்று மூன்றில் சுகுமியிலிருந்து
பனிக்கணவாய் வழியே நடந்து வந்தவள்,
ஈரக் கோட்டும்
உடல் இல்லாத ஒரு தையல் மிஷின் தலையுமாக.
இருநூற்றுப் பதினேழாம் அறையைக் கொடுத்தார்கள்.
தற்காலிகம் என்றார்கள்.
பால்கனியில் தக்காளி போட்டாள், மகனை வளர்த்தாள்,
குளியல் தொட்டியில் கோழிகள் வளர்த்தாள்.
தினமும் காலை என்னைத் தாண்டித்தான் ரொட்டிக்குப் போவாள்.
ஒரு நாளும் இறங்கியதில்லை.
கேட்டால்,
'குளிக்கிறவர்கள் ஊருக்குத் திரும்புகிறவர்கள் அம்மா'
என்பாள். அப்புறம் ரொட்டி விலையைப் பற்றிப் பேசுவாள்.

போன செவ்வாய் வந்தாள்.
குட்டாய்சியில் வீடு கொடுத்துவிட்டார்களாம், நாலாவது மாடி,
லாரி நாலு மணிக்காம்.
என் மேஜைமேல் ஓர் அட்டையை வைத்தாள்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்று.
ஆரஞ்சுத் தோட்டத் தொழிற்சங்கம் கொடுத்தது,
முட்டிக்கு, இருபத்தொரு நாள்.
பத்தொன்பது முத்திரை.
தம்பிக்குக் கல்யாணம் என்று
பாதியில் கிளம்பிப் போயிருக்கிறாள்.
'மீதி இரண்டு செல்லுமா?'

அட்டை கொடுத்த சங்கம் இல்லை.
சங்கம் இருந்த நாடும் இல்லை.
தம்பியைப் பற்றி நான் கேட்கவில்லை.
இழுப்பறையின் அடியில் அந்த ரப்பர் முத்திரை
மையில்லாமல் வறண்டு கிடந்தது.
எச்சில் தொட்டு அழுத்தினேன்.
இருபது.

உள்பாவாடையோடு இறங்கினாள்.
மூன்றாவது படியில் உட்கார்ந்தாள்.
'ஐயே, சுடவே இல்லையே' என்றாள்.
பிறகு விரலை அசைத்தாள்.

கடிகாரத்தைத் திருப்பினேன்.
மணல் பாதி இறங்கியபோது
ஏன் என்று தெரியாது,
அதைப் படுக்கவைத்தேன்.

துண்டோடு காத்திருந்த ஜெர்மன்காரி
தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.
டாக்டர் குலிகோ அந்தப் பக்கம் வந்து
படுத்திருந்த கண்ணாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
மாடிப்படி ஏறிப் போய்விட்டார்.
வெளியே மல்காஸ் லாரியின் ஹாரனை அடித்தான்,
நிறுத்தினான், மறுபடி அடித்தான்.
எவ்வளவு நேரம் என்று என்னைக் கேட்காதீர்கள்.

தானாகவே ஏறி வந்தாள்,
விரல்நுனி பத்தும் சுருங்கி.
அட்டையைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.
'இன்னும் ஒன்று பாக்கி' என்றாள், எச்சரிப்பதுபோல.

கடிகாரத்தை நிமிர்த்தி வைத்தேன்.
மேலே பாதி மணல்தான் இருந்தது, நான் கவனிக்கவில்லை.
அடுத்து இறங்கிய ஜெர்மன்காரிக்கு
ஏழு நிமிடம்தான் கிடைத்தது.
புகார்ப் புத்தகத்தில் ஒரு பக்கம் எழுதிவிட்டுப் போயிருக்கிறாள்.
அழகான கையெழுத்து.