ஐம்பது திர்ஹம்

வங்கி என்னைப் பதினாலாயிரம் திர்ஹம் வரை நம்புகிறது.
அஜ்மான் சனாயாவில், ஃபோர்க்லிப்ட் சாவியைத்
தேடிக்கொண்டிருந்தபோது
வாழ்த்துச் சொல்லிக் குறுஞ்செய்தி வந்தது.
போன வருஷம் ஒன்பது. அதற்கு முன் ஐந்து.
சம்பளம் என்னவோ அதே ஐயாயிரத்து நானூறுதான்.
தேதி தவறாமல் கட்டினேன், அவ்வளவே.
இருபத்து மூன்று கடைசி நாளென்றால்
இருபத்தொன்றிலேயே, முழுசாக.
கொடுத்த வரம்பில் கால்வாசிக்கு மேல் தொட்டதில்லை,
நோன்பிருப்பவன் பலகாரக் கடையைக் கடப்பதுபோல.

கலந்தருக்குக் கார்டு கிடைக்கவில்லை.
வாடகைக் காருக்கு டெபாசிட் கார்டில்தான் என்றார்களென்று
பதினோரு வருஷத்தில் முதல் தடவை விண்ணப்பித்தான்.
கவுண்டர்ப் பெண் திரையை இரண்டு தரம் பார்த்தாளாம்.
"உங்களுக்கு வரலாறே இல்லையே சார்."
யாரிடமும் ஒரு ஃபில்ஸ் கடன்படாதவன்
அந்தக் கணினியில் இன்னும் பிறக்கவே இல்லை.
குப்பூஸைப் பிய்த்தபடி
சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

ஆனால் அவனிடம் ஒரு டைரி உண்டு,
சிமென்ட் கம்பெனி சும்மா கொடுத்தது, பச்சை அட்டை.
அறையில் ஆறு பேர். அவனைத் தவிர
எல்லோருக்கும் ஆளுக்கொரு பக்கம்.
வட்டி கிடையாது, கையெழுத்து கிடையாது.
தொகை, சொன்ன தேதி, தந்த தேதி.
எதிர் அறை டிரைவர் குல் ஜமானுக்கு
ஆயிரம் வரை கேள்வி கேட்காமல் கொடுப்பான்.

இன்றிரவு நான் நூறு கேட்டேன்.
மெஸ்காரர் கார்டு வாங்கமாட்டார்.
கலந்தர் டைரியைத் திறந்தான். விரல் ஓரிடத்தில் நின்றது.
"உனக்கு ஐம்பதுதான் வியாகு."

மார்ச் பன்னிரண்டு. முந்நூறு.
சொன்ன தேதி: வெள்ளிக்கிழமை.
எந்த வெள்ளி என்று எழுதவில்லை;
அதற்கப்புறம் நூறு வெள்ளியாவது போயிருக்கும்.
தாமதித்தால் வங்கி இருநூற்று முப்பது தீட்டும்.
தாமதித்தால் கலந்தர் கரக் சாயா வாங்கிக் கொடுப்பான்.
அதனால்
வங்கிக்குக் கட்டினேன்.

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.
பெட்ரோல் பங்க் ஓரத்து ஏடிஎம்மில்
கிரெடிட் கார்டைச் செருகி ரொக்கமாக முந்நூறு.
தாள் வெளியே வந்த நொடியே வட்டி தொடங்கும்,
தனியாக ஒரு கட்டணமும்.
"இவன் ரொக்கம் எடுக்க ஆரம்பித்துவிட்டான்" என்று
குளிரூட்டிய அறையில் ஏதோ ஒரு கணினி குறித்துக்கொள்ளும்.
குறித்துக்கொள்ளட்டும்.

மூன்று தாளையும் டைரிமேல் வைத்தேன்.
அவன் எண்ணவில்லை.
பேனா எழுதாமல் அடம்பிடித்தது;
உதறி உதறி அந்த வரியை அடித்தான்.
பக்கத்தில் இன்றைய தேதி.
அதன் கீழே சின்னதாக ஏதோ ஓர் எண்.

எட்டிப் பார்த்தேன்.
டைரியைத் தலையணைக்கடியில் தள்ளிவிட்டு
விளக்கை அணைக்கச் சொன்னான்,
நாலரைக்கு பஸ்ஸாம்.

மெஸ் பாக்கி அப்படியே இருக்கிறது.