இருநூற்றுப் பதினொன்று

வேலூர் வெயில் ராத்திரி ஒரு மணிக்கும்
பாபு ராவ் தெருச் சுவர்களை விட்டு இறங்கவில்லை.
லாட்ஜ் மேசையில் பில் போடும் பழைய கணினி.
நாளை அனுப்ப வேண்டிய அஞ்சல்வழிப் பாடம் அதில்:
பகா எண்களைக் கண்டுபிடிக்க ஒரு நிரல் எழுதுக.

ஆறு வரி எழுதினேன்.
இரண்டிலிருந்து தொடங்கு,
ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்,
மீதி பூஜ்யம் என்றால் தள்ளு,
கடைசிவரை நின்றதை அச்சிடு.
ஓட்டினேன்.

திரை காலி.
நூறு வரைக்கும் ஒன்றுகூட இல்லை.
மூன்று இல்லை. ஏழு இல்லை.

கொசுவத்தி ஒரு சுற்றுக் கரைந்தபின் உறைத்தது.
'அந்த எண்ணுக்கு முன்புவரை' என்பதை
'அந்த எண் வரை' என்று எழுதியிருக்கிறேன்.
ஒவ்வொன்றையும் அதைக் கொண்டே வகுத்து
எல்லாவற்றையும் நானே தள்ளியிருக்கிறேன்.

ஒரு சமக்குறியை அழித்தேன், அவ்வளவுதான்.
இரண்டு வந்தது, மூன்று, ஐந்து,
அப்புறம் இஷ்டத்துக்கு விட்டுவிட்டு.
தொண்ணூற்றொன்று வரவேயில்லை.
தோரப்பாடியில் எங்கள் வீட்டுக் கதவு எண் அது.
இருபது வருஷமாய்
யாராலும் உடைக்க முடியாத எண் என்று நம்பியிருந்தேன்.
ஏழு பதிமூன்று தொண்ணூற்றொன்றாம்.
இன்னாபா இது.

வர்க்கமூலத்தோடு நிறுத்தினால் போதும்,
சீக்கிரம் முடியும் என்கிறது புத்தகம்.
யாருக்கு அவசரம்?
விடிய இன்னும் நாலு மணி நேரம் கிடக்கிறது.

பின்னால் பலகையில் தொங்கும் சாவிகளுக்கும்
ஓட விட்டேன், மாடி மாடியாக.
முதல் மாடியில் ஐந்து அறைகள் தேறின.
மூன்றாவதில் நான்கு.
இரண்டாவதில் பதினெட்டு அறைகளில்
ஒன்றே ஒன்று, இருநூற்றுப் பதினொன்று.

சொல்லி வைத்த மாதிரி
அந்த அறைக்காரர் இறங்கி வந்தார், பிளாஸ்க்கோடு.
மால்டாவிலிருந்து வந்த நிதாய் மண்டல்.
வெந்நீர் வேண்டும். ஆறு மணிக்கு ரத்தம் கொடுக்கும் வரிசை.
பிறகு விரலால் காற்றை நடுவில் வெட்டி
"பில், ஆதா ஆதா" என்றார்.

அறையில் இரண்டு கட்டில்,
நடுவே கயிறு கட்டித் தொங்கும் ஒரு பூப்போட்ட போர்வை.
அந்தப் பக்கம் அகர்தலாவின் ரெஹானா பீபி,
சிறுநீரகத்துக்குக் காத்திருக்கும் அவள் மகன்.
டோக்கன் வரிசையில் பழக்கமாம், பதினோரு நாள்தான்.
ஒரே ஸ்டவ்வில் இரண்டு சோறு வேகிறது,
மேனேஜர் கஜபதிக்குத் தெரியாமல்.

அறுநூற்று ஐம்பது வாடகை.
இரண்டால் வகுத்தேன், முந்நூற்று இருபத்தைந்து.
மீதி இல்லை.
மென்பொருளில் ஓர் அறைக்கு ஒரு பெயருக்குத்தான் இடம்,
அதனால் ரெஹானா பீபியின் ரசீதை
சாயம் விடும் பேனாவால் துண்டுச் சீட்டில் எழுதினேன்.
ஊருக்குப் போனால் யாரிடமோ காட்டிப் பணம் கேட்க வேண்டுமாம்.

அவர் படியேறி முடிக்கவில்லை, கரன்ட் போனது.
ஜெனரேட்டருக்கு விடிந்த பிறகுதான் டீசல்.
ஆறு வரியையும் நான் சேமித்திருக்கவில்லை.

மாடியில் யாரோ செல்போன் விளக்கைப் பிடிக்க
யாரோ கதவு திறக்கும் சத்தம்.
எந்தப் பக்கத்துக்காரர் என்று தெரியவில்லை.
ரசீதுப் புத்தகத்தின் முதுகில், இருட்டில்,
கையெழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏற,
மறுபடி எழுதத் தொடங்கினேன்,
இரண்டிலிருந்து.