மனிதர்கள்: இல்லை

சுருள் எண் ஆயிரத்து நூற்று நாற்பத்தேழு.
எடுத்தவர் கிளெமெண்ட் ஆட்டர்ஷா, பல் மருத்துவர்.
ஆல்டர்பெக் கிளைப்பாதை, அதன் கடைசிக் கோடை.
பேசாப் படம். வண்ணம்; சற்றே சிவப்பேறியது.
எஞ்சின் கறுப்பு. நாற்பத்தொரு வினாடி.
மனிதர்கள்: இல்லை.

இப்படி அட்டை எழுதுவதுதான் என் பிழைப்பு.
வட இங்கிலாந்தில் மூடிப்போன ஒரு கம்பளி ஆலை,
அதன் நிலவறையில் வருஷம் முழுக்க ஒரே குளிர்.
டப்பாவைத் திறந்தால் மூக்கில் ஏறும் காடி நெடி.
மோர் மாதிரி
படமும் நாள்பட்டால் புளிக்கும்.

நான் பிறந்தபோது
நீராவி போய்ப் பதினோரு வருஷம்.
ஆனாலும் அந்தப் புகை
திரையின் இடது மூலையில் எட்டிப் பார்த்ததும்
தொண்டையில் ஏதோ அடைக்கிறது.
போகாத ஊருக்கு வழி கேட்பவன் நான்.
சம்பளமும் தருகிறார்கள்.

செவ்வாய்க்கிழமை அவர் மனைவி வந்தார்,
மியூரியல் ஆட்டர்ஷா,
இரண்டு பஸ் மாறி,
உரிமைத் தாளில் கையெழுத்துப் போட.
போட்டதும் கிளம்பப் பார்த்தார்.
நான்தான் உட்காரவைத்து விளக்கை அணைத்தேன்.

"இது எந்த எஞ்சின் என்று நினைவிருக்கிறதா?"
"கறுப்பு."

அடுத்த சுருள். பாலத்தடியில் கொட்டும் மழை.
தண்டவாளம் மினுங்க, வளைவில் ஒரு சரக்கு ரயில்,
முப்பத்தாறு வேகன்; நான் எண்ணியிருக்கிறேன்.
"இந்த மழையில் எடுத்திருக்கிறார்,
லென்ஸில் ஒரு துளிகூட விழவில்லையே, எப்படி?"
"நான்தான் குடை,"
என்றார் மியூரியல்.

பன்னிரண்டு வருஷத்துச் சனிக்கிழமைகள்.
ஒரு கையில் குடை, ஒரு கையில் ஃபிளாஸ்க்.
"அவர் ரயிலைப் பார்ப்பார்.
எதிர்ப்பக்கத்தையும் யாராவது பார்க்கவேண்டாமா?"

பிறகு நான் கேட்கவே இல்லை.
ஒவ்வொரு சட்டகத்துக்கும் முதுகுப்புறத்தைச் சொல்லிக்கொண்டே போனார்.
இங்கே ஒருவன் கேட்டுக்குப் பச்சை அடித்துக்கொண்டிருந்தான்,
அடுத்த மாதமும் அதே கேட், பாதிப் பச்சை.
இங்கே ஒரு ஆடு கால அட்டவணையைத் தின்றது.
இந்த டிராலிபஸ்ஸில் ஒரு பெண்
செல்லோவுக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கச் சொன்ன கண்டக்டரை
இறங்கும்வரை திட்டினாள்.
இது முட்டை சாண்ட்விச் நாள்.
இது சண்டை போட்ட நாள்.
இங்கே என் காலுறைக்குள் தண்ணீர்.

பென்சிலால் ஓரத்தில் கிறுக்கிக்கொண்டே வந்தேன்,
அட்டையில் அதற்கென்று கட்டம் இல்லாததால்.

மறுபடி ஆயிரத்து நூற்று நாற்பத்தேழு.
வெயில் சாயும் நேரம். காலிப் பிளாட்பாரம்.
சிக்னல் கை இறங்குகிறது.
பதினேழு தடவை பார்த்திருப்பேன் இதை,
சக்கரத்தை, உருளையை, இலக்கத்தகட்டை.
பெட்டிகள் நுழைகின்றன.
பழுப்பு மரச்சுவர்கள்மேல்
திடீரென எழுகின்றன இரண்டு நிழல்கள்.
ஒன்று முக்காலியோடு குனிந்து.
ஒன்று காளான்போல்,
வெயிலுக்குப் பிடித்த குடை.
ஜன்னல் வந்தால் உடைந்து, சுவர் வந்தால் சேர்ந்து,
ரயில் ஓட ஓட
அந்த இரண்டும் அங்கேயே நிற்கின்றன.

குடை ஆடுகிறது.
"ரயில் கிளப்பிய காற்று," என்றேன், அட்டை எழுதுபவனின் குரலில்.
"இல்லை. நான் சிரிக்கிறேன்.
அவர் என்னவோ சொன்னார்."
"என்ன சொன்னார்?"
கடைசிப் பெட்டி போகிறது,
நிழல்கள் மறுபடி தரையில் விழுகின்றன.
அந்த இடத்தில் கேமராவை நிறுத்திவிட்டார்,
ஃபிலிம் விலை அப்படி.
"தெரியவில்லை," என்றார்,
"இன்னொரு தடவை போடுங்கள்."

மூன்று தடவை போட்டேன்.

மனிதர்கள்: இருவர். நிழலாக.
ஏழு வினாடி. குடை ஒன்று.

நான்கு பத்துக்கு அவர் பஸ்.
நிறுத்தம்வரை போனேன்.
"இப்போதெல்லாம் தாமதம்தான்," என்றேன்.
"எப்போதும்தான்," என்றார்,
எதிர்த்திசையைப் பார்த்தபடி.