மேடையின் ஒரு பகுதி தெரியாது

நுழைவுச்சீட்டிலேயே அச்சடித்திருந்தார்கள்:
‘மேடையின் ஒரு பகுதி தெரியாது.’
அதற்காக எழுபது வெள்ளி குறைவு.
‘எல்லாம் தெரிந்து என்ன செய்யப்போகிறோம்’ என்றாள் சுவீ ஹூன்.
அவள் ஹொக்கியென், நான் தமிழ்;
ஒரே நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர்கள்.
வெள்ளிக்கிழமை வேலை முடிந்த கையோடு
கறுப்புக் கோட்டைப் பைக்குள் சுருட்டிக்கொண்டு வந்தோம்.

டுரியான் முள் கூரைக்குக் கீழே
மூன்றாம் மாடி, இடப்பக்கச் சுவரோரம்.
குளிர்சாதனம் முழங்கை எலும்பைத் தொட்டது.
கோட்டை மறுபடி எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

பதினெட்டுக் கொள்கலனில் வந்திறங்கியதாம்
அந்தப் புயலும் அந்தக் கப்பலும்.
அடுத்த மாதம் மணிலாவில் அடிக்குமாம் அதே புயல்.
கலங்கரை விளக்கக் காவலனின் மகள்,
கரையொதுங்கிய ஒருவன்,
நடுவில் ஒரு போர்.
பாட்டெல்லாம் ஊருக்கே மனப்பாடம்.
முன்வரிசைப் பெண் ஓசையில்லாமல் உதடசைத்தாள்;
கதாநாயகி மூச்செடுத்த இடத்தில் இவளும் மூச்செடுத்தாள்.

எங்களுக்கு இடப்பக்கம் மூன்றிலொரு பங்கு கிடையாது.
அந்தப் பக்கம் போனவர்கள் வெறும் குரலானார்கள்.
அதற்கு ஈடாகவோ என்னவோ
வலப்பக்கத் திரைகளின் நடுவே
யாரும் பார்க்கக்கூடாத ஒரு சந்து தெரிந்தது.
நீல விளக்கு. நாற்காலி. தண்ணீர்ப் போத்தல்.

அவன் செத்தது
அந்த மூன்றிலொரு பங்கில்.
வாத்தியங்கள் உயர்ந்து சட்டென்று நின்றன.
மூக்குறிஞ்சும் சத்தம் கீழிருந்து மாடி மாடியாக ஏறி வந்தது.
நான் நீல விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அவனுடைய தாயாக வரவேண்டியவள் அங்கே
கொட்டாவி விட்டாள்,
கடைவாய்ப் பல் தெரிய.
செருப்பின் வாரை இழுத்து மாட்டினாள்.
ஒரு மிடறு தண்ணீர்.
யார் காலிலும் இடறாத இடம் பார்த்துப்
போத்தலை நாற்காலிக்கடியில் வைத்தாள்.
மூன்று எட்டு.
வெளிச்சம் முகத்தில் விழுந்ததும்
‘என் மகனே’ என்றாள்.
அரங்கம் உடைந்துபோனது.
என் தொண்டையும்தான்.

அன்று காலை பதினோரு மணிக்கு
‘நான் அவரைத் தள்ளவில்லை,
சாரத்தில் கால் வழுக்கியது’ என்று
ஆங்கிலத்தில் சொன்னது நான்.
நான் என்றால் செல்லக்கண்ணு.
அவர் சொல்லிவிட்டு அழுதார்.
அழுகையை மொழிபெயர்க்கச் சொல்லி
இருபத்திரண்டு வருடத்தில் எந்த நீதிபதியும் கேட்டதில்லை.
காகிதக் குவளையில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது,
குடித்தேன்.

சுவீ ஹூன் என் விலாவில் இடித்தாள்.
அவளும் பார்த்திருக்கிறாள்.

எழுந்து நின்று கைதட்டி,
கழிவறை வரிசையில் நின்று,
எஸ்பிளனேட் நிலையத்தில் ரயிலேறிய பிறகுதான்
அவள் கேட்டாள்:
‘ஆமாம், அவன் எப்படித்தான் செத்தான்?’

எதிரே நிகழ்ச்சி நூலை மடியில் வைத்திருந்த பையனுக்கு
எட்டு வயதிருக்கும்; பக்கத்தில் அப்பா தூக்கம்.
‘நீங்க பாக்கலையா?’
‘பார்த்தோம். தெரியவில்லை.’
எங்களை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தான்.
நூலை அப்பாவின் மடிக்கு மாற்றினான்.
நடுக்கம்பி பாய்மரம்.
ஒரு கையால் அதைப் பிடித்து, மறு கையால் வயிற்றைப் பிடித்து,
ஸ்டேடியத்துக்கும் மவுண்ட்பேட்டனுக்கும் நடுவில்
சுற்றிச் சுற்றிச் சரிந்து செத்தான்.
சைக்கிள்காரர் ஒருவர் சக்கரத்தை நகர்த்தி இடம் விட்டார்.

கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தான்.
பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்து,
‘இப்ப அம்மா வரணும்’ என்றான்.

‘ரயிலுக்கும் மேடைக்கும் இடையே உள்ள இடைவெளியைக்
கவனத்தில் கொள்ளவும்’ என்றது ஒலிபெருக்கி,
நாலு மொழியில் கடைசியாக, என் மொழியில்.

சுவீ ஹூன் பையைத் துழாவிப்
போத்தலை எடுத்து என்னிடம் நீட்டினாள்.
ஒரு மிடறு குடித்தேன்.
மூடியைத் திருகினேன்.