தொடங்கிய நேரம்

படிவத்தில் ஒன்பதாவது கேள்வி:
வலி தொடங்கிய நேரம்.
பக்கத்தில் நான்கு கட்டங்கள்,
மணிக்கு இரண்டு, நிமிடத்துக்கு இரண்டு.

இந்த மாவட்டத்தில் யாருக்கும்
கடிகாரம் பார்த்து வலிப்பதில்லை.

கொட்டில்பாடு ததேயூஸ் சொன்னார்:
நாப்பது பாகத்துல வல கெடக்கும்போ.
எந்தக் காற்று, வள்ளத்தில் எத்தனை பேர்,
வலையை வெட்டிவிட்டு வந்தீர்களா
என்றெல்லாம் கேட்டு எழுதினேன், 02 15.
பென்சிலில்.
(வெட்டிவிடவில்லை. வலை எண்பதாயிரம்.)

சிற்றாறு பக்கத்துக் கனகபாய்
அறுபதாவது மரம் என்றாள்.
வாய் கோணாமல், மணி சொல்வதைப்போல.

மூன்று மணிக்கு முதல் மரம்.
தலையில் விளக்கு, கையில் கத்தி.
அறுபதில் தாடை கடுத்தது,
இடது தோளில் யாரோ சாய்ந்து நிற்கிற கனம்.
அவளுடைய பிளாக்கில் முந்நூற்றிருபது.
பாதியில விட்டா பால் யாருக்கு பிள்ளே?

நடையும் சேர்த்து மரத்துக்கு அரை நிமிடம்.
ஓரத்தில் கணக்குப் போட்டேன்:
இருநூற்றறுபது மரம்,
நூற்றுமுப்பது நிமிடம்.
பிறகு சிரட்டைகள் நிறையக் காத்திருந்தது,
பால் எடுத்தது, தூக்கியது,
நடுவில் இருமுறை குந்தியது.
ஒன்பது இருபதுக்கு ஜங்ஷன் கிளினிக்.
வாயுவுக்கு மாத்திரை, வெந்நீர் குடிக்கச் சொன்னார்கள்.
வீட்டுக்குப் போய் மரச்சீனி அவித்தாள்.
வடிக்கும்போது விழுந்தாள்.
ஆசாரிபள்ளம் வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது
இரண்டு இருபத்தைந்துக்கு.
ஆக அறுநூற்றைம்பத்தைந்து நிமிடம்.
கட்டத்தில் அடங்கிவிட்டது.

புகை: இல்லை.
சர்க்கரை: இல்லை.
குடும்பத்தில் யாருக்காவது:
அப்பன். படுத்தவரு எழும்பல.
இரண்டரைக்கு எழுகிறவரா என்று கேட்க
எந்தப் பக்கத்திலும் கட்டமில்லை.

படத்தைத் திரையில் காட்டியபோது
கறுப்புக் கிளையில் ஓரிடம் அறுந்திருந்தது.
மற்றவர்கள் இந்த இடத்தில் அழுவார்கள்.
இவள் கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.
இது ஒட்டுப்பாலுல்லா.
வெட்டின சாலுல காஞ்சி கெடக்கும்,
மறுநாள் அத உரிச்சிட்டுத்தான் கத்திய வைப்போம்.
நீங்களும் அதத்தான் செஞ்சியளா?

டாக்டர் சிரித்தார். ஏறக்குறைய என்றார்.

முப்பதாம் நாள் கூப்பிட்டேன்: உயிருடன்.
ஆறாம் மாதம்: உயிருடன். மாத்திரையில் ஒன்று
மாதக் கடைசியில் தீர்ந்துபோகிறது.
ததேயூஸின் எண் ஆறாம் மாதம்
வேறு யாரோ எடுத்தார்கள்.
படிவம் கேட்கும் சொல்லை அவர்கள் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
அடுத்த பத்தியில் தேதி மட்டும் எழுதினேன்.

நாகர்கோவிலில் ஒரு ஹாலில்
முடிவுகளைக் காட்டினார்கள்.
இரண்டு கோடுகள், ஒரே இடத்தில் தொடங்கி
பெண்களின் கோடு முதலில் தாழ்ந்தது.
கீழே ஒரு வரி:
பெண்கள் தாமதமாக வருகிறார்கள்.

கையில் சமோசாத் தட்டு இருந்தது.
ஒன்பது இருபது, ஒன்பது இருபது என்று
எனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.
அவள் வந்திருந்தாள்.
வந்தவளைத் திருப்பி அனுப்பிய நேரத்துக்கும்
கட்டமில்லை.

ஓராண்டு அழைப்பு.
பகலில் எடுக்கவில்லை.
விடிய நாலேகாலுக்கு அவளே கூப்பிட்டாள்,
தூக்கத்தில் எடுத்தேன்.
பின்னால் பட்டை சீவும் சத்தம்.
இப்பம் நூத்தம்பதுதான் வெட்டுதேன்,
மிச்சத்த மருமோவன் பாக்கான்.
இப்பம் நிக்கது நூத்திநாலு.
வலியா? இல்ல. மூச்சு? ஏத்தத்துல மட்டும்.

உங்க தாள்ல எனக்க பேரு உண்டா?
பேர் இல்லை, எண்தான் என்றேன்.
எந்த எண்?
இருநூற்றெண்பத்தாறு.

கத்தி நின்றது.
அது ஒக்கியில விழுந்த மரம்லா பிள்ளே.
நேரே வேரோட.
அந்தக் குழியில போன மழைக்குத்
தை வச்சிருக்கு, எனக்க இடுப்பளவு நிக்குது.
பால் வர ஏழு வருசம் ஆவும்.

அப்பமும் கூப்பிடுவியளா?

எங்கள் ஆய்வு ஐந்தாண்டு.
அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள்
நூத்தஞ்சு என்று
நகர்ந்துவிட்டாள்.